பெரியப்பாவின் டீசல் காடு

பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெய் தீர்ந்துகொண்டு வருகிறது என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருவதற்கு எனக்கு இன்னும் பல வகுப்புகள் பாக்கி இருந்தன. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, மே மாதம் பிறந்ததும் என்னைக் கொண்டுபோய் வெள்ளகோவில் பக்கம் பெரியப்பாவின் தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு மாதமும் அந்த வீட்டுக்கு நான்தான் ராணி. ராணிக்குக் கம்மங்களியும் தயிரும் கிடைக்கும், கூடவே உலக நடப்பும் கிடைக்கும்.

பெரியப்பா உலக நடப்பு முழுவதையும் போர்வெல்லை வைத்தே விளக்கிவிடுவார். அவர் தோட்டத்தில் போட்ட போர் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழம், ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடத் தண்ணீர் குறைவு. அதனால் அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம்.

"அரபு நாட்டுக்காரனோட எண்ணெய்க் கெணறும் நம்ம போர் மாதிரித்தான் கண்ணு. மொதல்ல தானாப் பொங்கும். அப்பறம் மோட்டார் வெச்சு இழுக்கோணும். அப்பறம் எத்தன அடி போனாலும் புஸ்ஸுன்னு காத்துத்தான் வரும். நம்ம நாட்டுக் கெணத்துல இப்பவே வருசா வருசம் கொறஞ்சுட்டு வருது. நாளைக்கு பஸ்ஸு எதுல ஓடும், லாரி எதுல ஓடும், சொல்லு பாக்கலாம்."

பஸ் ஓடாவிட்டால் நான் கோயமுத்தூருக்கு எப்படித் திரும்பிப் போவது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பெரியப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டைக் காட்டினார். இன்றைக்கு யோசித்தாலும் அவருடைய பிரசங்கத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். மருந்தில்தான் கோட்டை விட்டார்.

மருந்தின் பெயர் காட்டாமணக்கு. வேலியோரத்தில் யாரும் கேட்காமலே முளைத்து நிற்கிற செடி. அதன் கொட்டையிலிருந்து டீசல் எடுக்கலாம், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், விளைந்ததை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து, கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்களாம். வந்தவர்களுக்குக் கேசரியும் கொடுத்தார்களாம். பெரியப்பா கேசரியைத் தின்றார், படத்தை நம்பினார். வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு கொறங்காடு இருந்தது. மழைக்கு முளைக்கிற புல்லும் வெள்வேல மரங்களும் சுற்றிலும் கிளுவை வேலியுமாக, அப்பாரு காலத்திலிருந்து ஆடுகள் மேய்ந்த மேய்ச்சல் காடு. ஆடுகளை விற்றார். காட்டை உழுது காட்டாமணக்கை நட்டார்.

அவை பெரியம்மாவின் ஆடுகள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவை. ஆனால் பெரியம்மா சண்டை போடுகிற ஆள் இல்லை.

"ஆடு மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற செடிங்க அது. அதையக் கொண்டாந்து காட்டுக்குள்ள வெக்கறீங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

"ஆடு எதுக்குத் திங்கோணும்? பஸ்ஸுதான திங்கப்போவுது" என்றார் பெரியப்பா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெரியப்பா அத்துடன் விட்டிருக்கலாம். டீக்கடையில் போய், இது விளையாவிட்டால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "பங்க் எப்பங்க தொறக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டவர்களில் பலரும் சத்தமில்லாமல் தங்கள் காட்டிலும் அதையே நட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான் சொல்லுகிற கோடையில் செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. தண்ணீரே வேண்டாத அந்தச் செடிக்குப் பெரியப்பா விடிகாலையில், யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காய்த்திருந்த கொட்டை சாக்குகளில் கட்டி வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் கிடந்தது. கம்பெனி லாரி அடுத்த வாரம் வரும் என்றார். போன கோடையிலும் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. அதைப் பற்றிப் பேச அடிக்கடி கோயமுத்தூர் போய்வந்தார். வரும்போது எனக்குத் தேங்காய் பன் வாங்கி வருவார் என்பதால் லாரி வராமல் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கவில்லை.

லாரி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அவரே எண்ணெய் ஆட்ட இறங்கினார். செக்குக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்தக் கொட்டையை ஆட்டிய செக்கில் பிறகு கடலை ஆட்டினால் ஊரே வாந்தி எடுக்கும் என்றார். அப்பா தம்பியாகப் பிறந்த பாவத்துக்குப் பட்டறையில் ஒரு திருகு அச்சு செய்து, என்னைக் கொண்டுவந்து விட்டபோது அதையும் இறக்கினார். அதில் பிழிந்த எண்ணெயைப் பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு கலந்து, தன் பழைய ஜீப்பில் ஊற்றினார் பெரியப்பா. ஜீப் இருமிவிட்டுக் கிளம்பியது. புகையில் வடை சுடுகிற வாசம் வந்தது. என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்று சுற்றினார். இனி எவன் சிரிப்பான் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. டீக்கடை முன்னால் ஹாரனை அழுத்தியதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து கொட்டை உடைப்பது என் வேலை. கறுப்பு ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பருப்பு இருக்கும். "வாயில கீயில வெச்சுப்போடாத அம்மணி" என்று பெரியம்மா சொல்லித்தான் உட்காரவைத்தார். ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயம் என்றால் நான்தான் கடைசி. இருமிக்கொண்டு கிடந்த ஜீப்பே இதைக் குடித்துவிட்டு அந்த ஓட்டம் ஓடுகிறது, நான் ஓட மாட்டேனா என்று தோன்றியது. ஒன்றை வாயில் போட்டேன். நிலக்கடலை மாதிரி நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு கை அள்ளித் தின்றேன். வீட்டைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். சத்தியமாக வேகம் கூடியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாட்டுக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தேன். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. தொண்டை எரிந்தது, கண் இருட்டியது. பெரியம்மா என் வாயைத் துடைத்தவர், வெள்ளை வெள்ளையாகப் பருப்பைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டார். பெரியப்பா ஓடிவந்து என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டார்.

பாதி வழியில் ஜீப் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. என் வயிற்றுக்குள் போன அதே சரக்குதான் ஜீப்புக்குள்ளும் போயிருந்தது. இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா பானெட்டைத் திறந்து எதையோ கழற்றினார். கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. கழற்றியதைத் திரும்ப மாட்ட முடியவில்லை. "கெளம்பு சாமி, கெளம்பிரு சாமி" என்று அந்த இரும்பைக் கெஞ்சினார். நான் செத்துப்போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குரலைக் கேட்டபோதுதான்.

பெரியம்மா கெஞ்சவில்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். அந்த வழியாக வந்த டவுன் பஸ் நின்றது.

"ஏனுங்க, கொழந்த காட்டாமணக்குக் கொட்டையத் தின்னுபோட்டாளுங்க. கொஞ்சம் வெரசாப் போங்க."

"ஏறுங்க அக்கா" என்றார் டிரைவர். "இனி ஆசுபத்திரிலதான் ஸ்டாப்பிங்."

இறங்க வேண்டியவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் பால்கேனைக் காலி செய்து எனக்கு முன்னால் பிடித்தார். ஒரு அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பஸ், அரபு நாட்டுக்காரனின் டீசலில், பறந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, தின்றதெல்லாம் வாந்தியிலேயே போய்விட்டது, இனி பயமில்லை, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டாக்டரம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது.

யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு பெரியப்பா வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க எண்ணெய். என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அவரைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்த்து, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா அந்தச் செடி இனி வீட்டுப் பக்கத்துல இருக்கக்கூடாது. பிடுங்கிடுங்க" என்றார்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

"பூராத்தையும் புடுங்கிறோணுமுங்களா?"

"பூராத்தையும்."

"டாக்டரம்மா, ஒரு ஒத்தாச பண்ணுங்க. இதைய என்ற ஊட்டுக்காரிகிட்டயும் ஒருக்கா நீங்களே சொல்லிப்போடுங்க."

நான் பிழைத்துக்கொண்ட மகிழ்ச்சியில் ஒரு முறைக்கு இரண்டு முறையாகக் கேட்டுக்கொள்ள விரும்புகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு பாசம் என்று எனக்கும் கண் கலங்கியது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் காட்டாமணக்கு முழுவதையும் பெரியப்பா டிராக்டர் வைத்துப் பிடுங்கிவிட்டார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. "புள்ள உசுருக்கு முன்னால காடு என்னங்க" என்றார்கள். பெரியப்பா போகிற இடமெல்லாம் என்னையும் அழைத்துப்போய் முன்னால் நிறுத்துவார். பார்த்தவர்கள் என் கன்னத்தைத் தடவிவிட்டு, தங்கள் வீட்டிலும் குழந்தைகள் நடமாடுகின்றன, எதற்கு வம்பு என்று சொல்லித் தங்கள் காட்டுச் செடிகளையும் பிடுங்கிப் போட்டார்கள். கோயமுத்தூர்ப் பிள்ளை ஒருத்திக்காக அந்தப் பக்கத்துக் காடெல்லாம் சுத்தமானது. ஊரே என்மேல் இத்தனை பிரியம் வைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஊருக்குப் போகும்போது பெரியப்பா எனக்கு ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். இதற்கு எண்ணெயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார். பட்டறையில் அப்பா அந்தச் சைக்கிளைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பேட்டரிக் காரில்தான் போனேன். காற்றாடிகள் சுற்றுகிற அடிவானத்துக்கு இந்தப் பக்கம், கொறங்காட்டில் புல் இருந்தது, பெரியம்மாவின் ஆடுகள் இருந்தன. பெரியப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எண்ணெய் தீரப்போவுதுன்னு நான் சொன்னப்ப ஆரு கேட்டா?" என்றார். தன் வீட்டு பிளக்கில் அவரே வயரைச் செருகிவிட்டு, நாற்காலி போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் சமையலறையில் பெரியம்மா எனக்குப் பழைய கதையைச் சொன்னார். கோயமுத்தூரில் அந்தக் கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடந்ததாம். பெரியப்பா போய்ப் போய் அந்தப் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வந்தாராம்.

"உங்கப்பா எங்கிட்ட எப்பவோ சொல்லிப்போட்டாரு கண்ணு. இவரு வாயாலயே வரட்டும்னு நானும் பாத்துட்டே இருந்தேன். எப்படி வரும்? ஊரு பூராத்துக்கும் ஹாரன் அடிச்சவரு. இன்னைக்கும் டாக்டர் சொல்லித்தான் புடுங்குனோம்னு நெனச்சுட்டு இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. கண் செருகிக்கொண்டு வந்ததே தவிர, காது நன்றாகத்தான் கேட்டது. "அவரு வந்தா, அந்தச் செடி இருக்கவே கூடாதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க டாக்டரம்மா. நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க" என்றுதான் பெரியம்மா சொல்லியிருந்தார். பெரியப்பா வந்து கேட்டுக்கொண்டதற்காக டாக்டரம்மா வராந்தாவிலிருந்து பெரியம்மாவைக் கூப்பிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அதே வாக்கியத்தை அவரிடமே சொன்னார். பெரியம்மா மோவாயில் கையை வைத்துக்கொண்டு, "அப்படீங்களா" என்று ஆச்சரியப்பட்டார். பெரியப்பா அதற்குள் வெளியே போய், டாக்டரே சொல்லிவிட்டார் என்று அப்பாவுக்கு போனில் கத்திக்கொண்டிருந்தார்.

பெரியவர்களுக்கு எவ்வளவு மறதி என்று கட்டிலில் படுத்தபடி நான் நினைத்துக்கொண்டேன். "பெரியம்மா, நீங்கதானுங்க அப்படிச் சொல்லச் சொன்னீங்க" என்று ஞாபகப்படுத்தினேன். பெரியம்மா ஒரு ஸ்பூன் நிறைய குளுக்கோஸ் மாவை என் வாயில் போட்டார். நான் விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தேன். இன்னொரு ஸ்பூன் போட்டார்.