பாவாவின் கண்ணில் பழுதில்லை

என் பாவாவின் கண்களில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு இருப்பதாக அவரை நம்பவைத்தவள் நான்!

சொல்லிவிட்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அக்காவிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களா? கண்ணீர் வரவில்லை. உங்களிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய மனிதர் வேறு ஒருவர் அல்லவா!

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆந்திர எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால், எங்கள் வீட்டில் அக்காள் கணவரைப் பாவா என்றுதான் அழைப்போம். என் பாவா பொதட்டூர்பேட்டையில் நெசவாளி. வீட்டின் முன்பக்கம் நான்கு தறிகள். பின்பக்கம் சாயத் தொட்டி. நூலுக்கு அவரே சாயம் தோய்ப்பார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அக்காவைக் கைப்பிடித்தவர். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் என்னைத் தமிழ் எம்.ஏ. வரை படிக்கவைத்தவரும் அவர்தான்.

நான் திருத்தணியில், மலையடிவாரத்தில் குடியிருக்கிறேன். பாவாவின் பருத்திச் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு விற்பது என் தொழில். என்னிடம் முதலில் இருந்தது ஒரு பழைய போன். அதன் கேமராவைப் பற்றி என்ன சொல்ல... பாவா தோய்க்கும் அரக்கு நிறம், புளியங்கொட்டையைத் தேய்த்து அதில் கொஞ்சம் சிவப்பைக் கலந்தாற்போல இருக்கும். அடக்கமான நிறம். கட்டிக்கொண்டால் உடம்போடு ஒட்டி நிற்கும். அந்தப் போனில் படம் எடுத்தால் அதே சேலை துருப்பிடித்த தகரம் போல விழும்!

ஆறு மாதம் அந்தத் தகரத்தைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வாரா வாரம் பாவா போன் செய்வார். "எதுனா போச்சா கண்ணு?" என்பார். "இன்னும் இல்ல பாவா" என்பேன். "சரி வுடு, போவும்" என்பார். அந்த 'சரி வுடு'வைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வரும். சேலை மீதல்ல, அவர் மீதும் அல்ல. அந்தப் போன் மீது.

இங்கே உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பழைய போனும் பொய்தானே சொன்னது? நல்ல நிறத்தை அழுக்காக்கிக் காட்டிற்றே! அப்போது யாராவது வந்து, "அம்மா, உன் படம் உண்மை இல்லையே" என்று கேட்டீர்களா? எங்களைக் குறைத்துக் காட்டிய பொய்யை உலகத்தில் ஒருவரும் பொய் என்று சொல்லவில்லை. கூட்டிக் காட்டியபோது மட்டும் எல்லோருக்கும் நியாயம் நினைவுக்கு வந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. பையில் ஓர் அரக்குச் சேலையோடு போனேன். மற்றவர்கள் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை படம் கொள்ளும் என்று கேட்பார்கள். நான் எதையும் கேட்கவில்லை. கண்ணாடி மேசை மீது சேலையை விரித்து, "இதை ரெண்டு போன்ல படம் புடிச்சுக் காட்டும்மா" என்றேன். கடைப்பெண் சிரித்தாள். ஆனாலும் எடுத்துக் காட்டினாள்.

முதல் போனில் சேலை சேலையாக இருந்தது. இரண்டாவது போனில் சேலை கல்யாண வீடாக இருந்தது! மிளகாய்ப் பழத்தின் சிவப்பு... ஓரத்தில் தங்கம் போல ஒரு மினுமினுப்பு... அந்தச் சேலையில் அப்படி ஒரு மினுமினுப்பே கிடையாது.

"மெகாபிக்சல் ரெண்டுத்துலயும் ஒண்ணுதான் அக்கா. இதுல உள்ளது உள்ளபடி வரும். அது கலரைத் தூக்கிக் காட்டும்" என்றாள் அந்தப் பெண். "கொழந்தைங்க போட்டோவுக்குன்னா இத்த எடுத்துக்கோங்க. யாவாரத்துக்குன்னா அதான்."

அதைத்தான் எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். போன் வாங்கும்போது கேமராவை எவ்வளவு பார்க்க வேண்டும் என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், அதைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்பேன். அது எவ்வளவு நன்றாகப் பார்க்கிறது என்பதைவிட, நீ எதைக் காட்ட நினைக்கிறாயோ அதைக் காட்டுகிறதா என்று பார் என்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஏன் இருக்க வேண்டும்? உங்கள் முகப்புப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த வழவழப்பான கன்னம் உங்களுடையதுதானா? மலைக்கு மொட்டை போட வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். வியர்த்து வழிந்து, படியேறி மூச்சிரைத்து, சந்தனம் பூசிய தலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. அதை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அது பக்தி... நான் செய்தால் மோசடியா?

சேலைகள் பறந்தன. நான்கு தறியும் ஓய்வில்லாமல் ஓடின. இரண்டொருவர் மட்டும், "போட்டோல பளிச்சுனு இருந்திச்சே" என்று இழுத்தார்கள். "வெயில்ல எடுத்ததுங்க" என்று சமாளித்தேன். இதுவரை நடந்ததில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. இப்போதும் இல்லை.

அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு புரளமாட்டேன் என்கிறது.

புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பஜனைக் குழு. இருபத்திரண்டு பெண்கள். கிருத்திகைக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும் என்று என் படத்தைப் பார்த்து அரக்குச் சேலை கேட்டிருந்தார்கள். கிருத்திகை அன்று காலை என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பாவா முதல் பேருந்திலேயே மூட்டையைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "அவுங்க பிரிச்சுப் பார்க்கறத ஒரு கண்ணு பார்த்துட்டுப் போறேன்" என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிரித்தார்கள். குழுவின் தலைவியம்மா ஒரு கையில் சேலையையும் மறுகையில் போனையும் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏம்மா, இதுவும் அதுவும் ஒண்ணா? இந்தச் செவப்பு எங்க? கட்டறதுக்கு முன்னாடியே சாயம் போயிருக்குதே!"

சாயம் போயிருக்கிறது... பாவாவை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்! இருபத்தைந்து வருடமாகத் தோய்க்கும் மனிதர் அவர். அவர் கையில் ஒரு சேலைகூடச் சாயம் விட்டதில்லை. எழுந்து வந்தார். போனில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், எட்டி வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ரெண்டும் வேற வேறயாத்தான் தெரியுது கண்ணு. முன்னல்லாம் நான் இந்தப் படத்துல இருக்கற கலரைத்தான் தோச்சுகினு இருந்தேனா? இப்ப கொறஞ்சது எனக்குத்தான் தெரியாம பூட்ச்சா?"

பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? மூச்சை இழுத்து விடும் நேரம். 'கேமரா அப்படிக் காட்டுது பாவா' என்று நான்கே சொற்கள். தமிழ் படித்தவளுக்கு நான்கு சொற்களுக்கா பஞ்சம்?

"ஆங் பாவா... இந்தத் தபா கொஞ்சம் மட்டமாத்தான் வந்திருக்குது" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு வாக்கியம்! தலைவியம்மாவுக்கு எதிரில் நான் பொய்க்காரியாக நிற்கக் கூடாது. அந்த ஒன்றுக்காக அவரைக் குறைகாரராக்கினேன். வேறு வழியில்லாமல் அந்தப் பெண்கள் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி மலையேறினார்கள். பாவா காலி மூட்டைத் துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அவருக்குக் கண்ணின் மீது சந்தேகம் வந்துவிட்டது. அக்கா வற்புறுத்திக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பார்வை நன்றாக இருக்கிறது, நிறங்களும் சரியாகத் தெரிகின்றன என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் நம்பவில்லை! "அவுங்க மெஷினுக்கு என்னா தெரியும்? அமுதாவே சொல்லிட்டா" என்றாராம். டாக்டரின் சொல்லைவிட என் சொல் அவருக்குப் பெரிது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டார். காலையில் சட்டையை எடுத்தால், "இது நீலந்தான?" என்று அக்காவைக் கேட்கிறார். தக்காளி வாங்கப் போனால் பழுத்திருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்கிறார். முன்பெல்லாம் நூலைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு நுனியைப் பிழிந்து, வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். இப்போது தலையாட்டுவதில்லை. வெள்ளிதோறும் நூலைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தேறி என் வீட்டுக்கு வருகிறார். "நீயே சொல்லு கண்ணு" என்று என் எதிரில் உட்காருகிறார். தேர்வுத் தாள் திருத்துகிற ஆசிரியர் முன்னால் மாணவன் உட்காருவதைப் போல... அந்த நேரம் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். நான் ஓடவில்லை. நூலுக்குப் பக்கத்தில் போனில் அந்தப் பழைய படத்தை வைத்து, "இன்னும் கொஞ்சம் செவப்பு ஏத்தணும் பாவா" என்று சொன்னேன்.

அவரும் ஏற்றினார். இப்போது சேலை படத்தைப் போலவே இருக்கிறது. குறை சொல்ல ஆளே இல்லை. அக்காள் மகள் நினைத்த கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சொல்லுங்கள், யாருக்கு நஷ்டம்? பழைய அரக்கு யாருக்கு வேண்டியிருந்தது? உங்களுக்கு வேண்டியிருந்ததா? ஆறு மாதம் உங்கள் கண்ணெதிரில்தானே கிடந்தது! நீங்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதானால் நீங்களும் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

பின் ஏன் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்கிறீர்களா? நானும் பலமுறை கேட்டுக்கொண்டேன். சொன்னால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடுவார், வியாபாரம் படுத்துவிடும்... இது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம். நிஜமான காரணம் அற்பமானது. அவர் சட்டை நிறம் கேட்டு நின்றதை, தக்காளிக்காரரிடம் தலைகுனிந்ததை, எல்லாவற்றையும் அறிந்துகொண்டு ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடமாட்டார். அது எனக்குப் பொறுக்காது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர், நூலை எடுக்கவில்லை. "எனக்கும் ஒரு போன் வாங்கித் தா கண்ணு. வேற எதுவும் வேணாம். கேமரா மட்டும் நல்லா இருக்கட்டும். உன்ன எத்தினி நாளைக்குத் தொந்தரவு பண்ணிகினு இருக்கறது? அது எனக்குக் கலரு சொல்லட்டும்" என்றார்.

அதே கடைக்கு அழைத்துப் போனேன். என்னிடம் இருக்கும் போனையே வாங்கிக் கொடுத்தேன். பாவா அதைப் பிரித்த உடனே தன் கையைத்தான் படம் எடுத்தார். நகக் கண்களில் ஊறியிருந்த சாயம் படத்தில் குங்குமம் போல மின்னியது. "பார்த்தியா, என் கையில இவ்ளோ கலரு கீது. எனக்குத்தான் தெரியல" என்று சிரித்தார்.

கடைப்பெண்ணுக்கு என்ன தோன்றியதோ... "அங்கிள், கலரை இது தானாத் தூக்கிக் காட்டும். செட்டிங்ல ஒரு பட்டன் கீது. அத்த ஆஃப் பண்ணிட்டா அசல் கலரே தெரியும். பண்ணித் தரட்டா?" என்றாள்.

பாவாவுக்கு அவள் சொன்னது பாதிதான் விளங்கியது. வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் பேசவே வேண்டியதில்லை. பேசாமல் நின்றிருந்தாலே போதும், அவள் விரல் அதை அணைத்திருக்கும். பாவா தன் கையை மறுபடி ஒருமுறை படம் எடுத்திருப்பார். வேறு ஒருவரும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

இந்த முறை என் எதிரில் தலைவியம்மா இல்லை. அவசரம் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவர் நிம்மதியாகப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவதில்லை. தினமும் காலையில் நனைந்த நூலின் படம் வருகிறது. கூடவே குரல் செய்தி. இன்று காலையும் வந்தது. "சரியாகீதா கண்ணு?"

"ரொம்ப சரியா இருக்குது பாவா" என்று அனுப்பிவிட்டேன்.