பருந்து நீந்திய காலை

கண்மாய்த் தண்ணீரில் ஒரு பருந்து சிறகை விரித்தபடி விழுந்து கிடந்த காலைதான் அந்த ஆட்டோக்காரரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வரும். இப்போது மாட்டுத்தாவணியில் பேருந்து பிடித்து வேறு பள்ளிக்குப் போகிறேன். அப்போது அவனியாபுரத்திலிருந்து அவருடைய ஷேர் ஆட்டோவில்தான் பயணம். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் 'டீச்சர்' என்பார். ஹாரன் அடிக்கக்கூட யோசிக்கிற மனிதர்.

ஐப்பசி மழையில் வழியோரக் கண்மாய் நிறைந்திருந்தது. மற்றவர்கள் இறங்கிவிட, வண்டியில் நான் மட்டும் இருந்தேன். வெள்ளைத் தலையும் செம்மண் நிறச் சிறகுமாக ஒரு பருந்து தாழப் பறந்து வந்து மீனைப் பற்றியது. மீன் பெரியது போலிருக்கிறது. தூக்க முடியாமல் தண்ணீரிலேயே விழுந்தது. எழும்பப் பார்த்தது, முடியவில்லை. அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

"செத்துப் போயிரும் டீச்சர். இந்தா வாரேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இடுப்பளவுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அங்கே மண் அள்ளிய பள்ளம் இருந்திருக்கிறது. நாலடி வைத்ததும் ஆளைக் காணோம். கை மட்டும் மேலே வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கும் தெரியாது.

வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கிற கயிறு பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஒரு முனையை வண்டிக் கம்பியில் கட்டி, மறுமுனையை வீசினேன். முதலில் எட்டவில்லை. மறுபடி வீசியபோது பிடித்துக்கொண்டார். கரையில் வந்து குப்புற விழுந்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். பேச்சு வந்ததும், "பருந்து என்னாச்சு டீச்சர்?" என்றார்.

நானும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு சிறகாலும் துடுப்புப் போடுவதுபோல் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, அது நிதானமாக நீந்தி வந்துகொண்டிருந்தது. மீனை விடவே இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளிக் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு நின்றது.

"அம்புட்டுத் தெம்பா இருந்திருக்கு. நாந்தான் கெடந்து துடிக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்றார். சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. பள்ளியில் மணி அடித்திருக்கும். ஆனாலும் வண்டியை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறகு உலர்ந்து அது பறந்துபோகும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த கோடையில் ஒருநாள், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "மச்சினன் தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழகுறேன் டீச்சர். நேத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிட்டேன்."

"இந்த வயசுலயா அண்ணே?"

"இனிமே எதுவும் தண்ணியில விழுந்து கெடந்தா, எறங்கணும்ல" என்றார்.