கருவாட்டு முதலாளியிடம் என் மகள் கேட்ட கேள்வி

அன்று பாலாவி வீட்டில் நான், மகள் நஸ்ரின், என் அண்ணன் (நாங்கள் நானா என்போம்) மூவரும்தான் இருந்தோம். நஸ்ரின் கதை எழுதுவாள் என்று தெரியும். ஒன்றையும் நான் வாசித்ததில்லை.

அறைக்குள் அவள் போனில், “மையித்த உப்புல போட்டா எத்தின நாள் அழுகாம இரிக்கும்?” என்று கேட்டாள். யாரையோ கொன்று பிணத்தை மறைக்கப் பார்க்கிறாள் என்று பயந்து, நானாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

போன் ஸ்பீக்கரில் கருவாட்டு முதலாளி சிரித்தார். “எனக்கு மீனப் பத்தித்தான் தெரியும் புள்ள!”

“கதைக்குத்தான் உம்மா. பேய் வந்தா பொய்யெண்டு வாசிக்கிறவங்க புத்தகத்த மூடி வச்சிருவாங்க. ஒடம்பு அழுகுறத உள்ளபடி எழுதினா தூங்கமாட்டாங்க.”

கோரம் என்று பலர் திருப்பி அனுப்பிய அவள் கதைகள் இன்று மூன்று புத்தகங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான்தான் இப்போது எதையும் முதலில் வாசிக்கிறேன். நான் பாதியில் எழுந்து ஓடினால்தான் அச்சுக்கு அனுப்புகிறாள்.