தெளிவு என்றொரு பொத்தான்

அந்த அரசு இணையதளத்தின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு வரி உண்டு. பக்கத்திலேயே ஒரு தேதி. தேதியைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுப் போகிற ஆள் நான். மழை பெய்த நாள், மோட்டார் பழுதான நாள் எல்லாவற்றையும் டைரியில் எழுதிவைக்கும் பழக்கம். ஆகவே மறுநாளும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். புதுப்பித்த தேதி மறுநாளாக மாறியிருந்தது. அதற்கடுத்த நாள் திறந்தால் அந்த நாள். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. எப்போதோ மாற்றலாகிப் போன அதிகாரி முகப்பில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். யார் எப்போது வந்தாலும் ‘இன்றுதான் புதுப்பித்தோம்’ என்று சொல்லும்படி யாரோ மெனக்கெட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தில் மெனக்கெட்டுச் செய்த வேலை என்று நான் கண்டது அது ஒன்றுதான்.

அதை நான் திறக்க நேர்ந்தது ஒரு நண்பருக்காக. வல்லத்திராக்கோட்டைக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஆவூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறார். மற்ற நாட்களில் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். எங்கே போனாலும் பஸ்தான். அவருடைய இலவச பாஸ் மார்ச்சோடு முடிகிறது. ஏப்ரலில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், தினமும் ஆவூர் போயாக வேண்டும்.

முன்பெல்லாம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போவார், யாரையாவது கெஞ்சி மனு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். இந்த ஆண்டு அந்த இணையதளம் வழியாக மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவருக்கோ சந்தோஷம். அவருடைய போன் திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். அதை வைத்து ரயில் டிக்கெட் போடுவார், பாட்டுப் பதிவு செய்வார், வாட்ஸ்அப்பில் என்னோடு சண்டையும் போடுவார்.

“இந்த வருசமாச்சும் ஒருத்தரையும் கெஞ்சாம நானே போட்டுக்கிறேண்ணே” என்றார். மார்ச் முதல் வாரத்தில் போட்டும்விட்டார். அப்படித்தான் நினைத்தார்.

மூன்றாவது வாரம் வரை ஒரு தகவலும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இருவருமாக அலுவலகத்துக்குப் போனோம். கணினி முன்னால் இருந்தவர் தேடிப் பார்த்துவிட்டு, “ஒங்க பேர்ல மனுவே வரலைங்களே” என்றார்.

“நல்லாப் பாருங்க சார். எல்லாத்தையும் ரொப்பி, கடைசியா ‘தெளிவு’ அமுக்கினேன். பக்கம் புதுசா வந்துச்சு. ஒருக்கா இல்ல, சந்தேகத்துக்கு ரெண்டு மூணு வாட்டி அமுக்கினேன்.”

அவர் சிரித்துவிட்டார். “தெளிவுன்னா எல்லாத்தையும் அழிக்கிறதுங்க. அதை ஏன் அமுக்குனீங்க?”

நான் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘தெளிவு’. இன்னொன்றில் எழுத்தே இல்லை, பச்சை வட்டத்துக்குள் ஓர் அம்புக்குறிப் படம். படத்துக்குப் பின்னால் ஒரு பெயரை எழுதிவைத்தால்தான் படிக்கும் போன் அதைச் சொல்லும். எழுதவில்லை. நண்பருடைய போனில் விரலால் தடவிக் காட்டச் சொன்னேன். “தெளிவு, பொத்தான்” என்றது. அடுத்து வெறும் “பொத்தான்” என்றது. பெயருள்ள பொத்தானும் பெயரில்லாத பொத்தானும் இருந்தால் யாராக இருந்தாலும் பெயருள்ளதைத்தான் நம்புவார்கள்.

ஆங்கிலத்தில் ‘கிளியர்’ என்று இருந்திருக்கும். அதைத் தமிழாக்கியவர் மனிதரோ இயந்திரமோ, எனக்குத் தெரியாது. வந்த வேலை முடிந்தால் போதும் என்று முதலில் கிடைத்த பொருளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. கலங்கிய நீர் தெளியும், காய்ச்சலில் பிதற்றியவருக்குப் புத்தி தெளியும், வானம் தெளியும். நான் புரட்டாத அகராதி குறைவு. தெளிந்தால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும் என்று எதிலும் படித்ததில்லை. எழுதியதெல்லாம் தெளிவாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அமுக்கினார் நண்பர். தமிழ் தெரிந்ததால் வந்த வினை.

“பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனியா வசதி வச்சிருக்கோமேங்க, மேல பாக்கலையா?” என்றார் அலுவலர்.

“பாத்தேன் சார். அமுக்கினா எழுத்து பெருசாகுதாம். எம்புட்டுப் பெருசானா எனக்குத் தெரியும்னு கேட்டுச் சொல்லுங்க.”

அலுவலருக்குச் சிரிப்பு நின்றது. “பக்கத்துல யாரையாச்சும் வச்சுக்கிட்டுப் போட்டிருக்கலாம்ல?”

“ஒத்தையா ரெண்டு பஸ்சு மாறி வாரவன் சார் நான். ஒத்தையா ஒரு மனுப் போட ஆளு வேணுமா?”

அலுவலர் மறுபடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுங்க, அது மெட்ராஸ்ல செய்யிறது. இங்கிட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறோம்” என்றார். இணையதளத்தைப் பற்றிய குறையை மட்டும் தாளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கடிதத்தை நான் எழுதினேன். பிறகு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நண்பர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினார். நான் தருகிறேன் என்றதற்குப் போனை நகர்த்தி வைத்துக்கொண்டார். “நீங்க அமுக்கினா அது நீங்க போட்ட மனுண்ணே. எதுன்னு மட்டும் சொல்லுங்க.” தெளிவுக்கு அடுத்தது, பெயரில்லாதது என்றேன். அமுக்கினார். மனு பெறப்பட்டது என்று அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது.

பாஸ் வந்தது ஈஸ்டர் முடிந்த பிறகு. புனித வாரம் முழுக்க டிக்கெட் எடுத்துத்தான் ஆவூர் போனார். தெரிந்த கண்டக்டர் ஒருவர், “என்னண்ணே, பாஸ் எங்க?” என்று கேட்டாராம். “தெளிவுல போயிருச்சுப்பா” என்றாராம் இவர். பெரிய வெள்ளியன்று சரக்கடித்துவிட்டுப் போதை தெளியாமல் உளறுவதாக நினைத்து அந்தக் கண்டக்டர் முகம் சுளித்ததை எனக்குச் சொல்லி வெகுநேரம் சிரித்தார்.

மே மாதம் எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது. ஆலோசனை ஏற்கப்பட்டு உரிய திருத்தம் செய்யப்பட்டுவிட்டது என்று ஒரே வாக்கியம். நான் கணினியைத் திறப்பதற்குள் நண்பரே பார்த்துவிட்டு வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டார்.

“பச்சைப் பொத்தானுக்குப் பேரு வச்சுட்டாங்களா?” என்றேன்.

“அது இன்னும் அநாதையாத்தான் கெடக்கு. மத்ததைத்தான் திருத்தியிருக்காங்க. கேளுங்க” என்று தன் போனை ரிசீவருக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்தக் குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது: “தெளிவு செய்க, பொத்தான்.”

“இப்ப மரியாதையாக் கூப்பிட்டு அழிக்கிறாங்கண்ணே” என்றார்.