நோட்பேடில் நான், மவுசில் முரளி

வெப் பக்கம் செய்யற வேலையில கண்ணு கெடறதுக்கு முன்னாடியே வயிறு எரிஞ்சுடும். இந்தத் தொழில்ல அல்லாடினவங்களுக்கு நான் சொல்றது புரியும். தொண்ணூறுகளோட கடைசியில, தி.நகர் பனகல் பார்க் பக்கத்துல ஒரு மாடியில எங்க ஆபீஸ். வெப் பக்கம் செய்ய நானும் முரளியும் மட்டும்தான். நான் நோட்பேடைத் திறந்து கோடிங்கோட ஒவ்வொரு வரியையும் கையால அடிப்பேன். முரளி, அவன் அத்தான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்த சாஃப்ட்வேர்ல, மவுசால படத்தை இங்க இழுத்து எழுத்தை அங்க தள்ளி, பாட்டுப் பாடிக்கிட்டே வேலை பார்ப்பான். கோடிங்கை அந்த சாஃப்ட்வேரே எழுதிக்கும். "புது ஆளுங்க வரப்போறாங்க. உங்கள்ல ஒருத்தர்தான் டீம் லீடர்"னு எங்க முதலாளி சார் ஒரு நாள் சொல்லிட்டார். அத்தோட என் நிம்மதி போச்சு.

கல்யாணக் களை

பட்டுப்புடவைக் கடைக்காரர் ஒருத்தர் மாதிரிப் பக்கம் பார்க்க வந்தார். என்னுது வெள்ளைப் பின்னணி, அளவான எழுத்து, வரிசையாப் புடவைகள். முரளியோடது கத்திரிப்பூ கலர். ரெண்டு மூலையிலயும் குத்துவிளக்குச் சுடர் ஆடுது, நடுவுல 'வருக வருக' கண்ணடிக்குது, அடியில கடைப் பேரு வலமிருந்து இடமா ஓடுது. இதைப் பார்த்தா மனுஷன் எழுந்து போயிடுவார்னு உள்ளுக்குள்ள குஷியா இருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டையும் நிதானமாப் பார்த்தார். "தம்பி, உங்களுது சுத்தபத்தமா இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி. அவருதுலதான் கல்யாணக் களை இருக்கு."

கோடிங்கைப் பாருங்க சார்

விடுவேனா? முரளி சாப்பிடப் போன நேரம், அவன் பக்கத்தோட கோடிங்கைத் திறந்து சார்கிட்டக் காட்டினேன். ஒரு 'வருக'வைச் சுத்தி எழுத்தோட கலரையும் அளவையும் சொல்ற அதே கட்டளை திரும்பத் திரும்ப வருது. கட்டத்துக்குள்ள கட்டம், அதுக்குள்ளயும் கட்டம். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு குப்பையா சார்?"னு கேட்டேன். பொறாமைதான், வேற என்ன?

சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு வர்றவன் ஹாலைத்தான்பா பாப்பான். பரண்ல ஏறி எவன் பாக்கறான்?"

மயிலாப்பூர் மாமா

அடுத்தது ஒரு சங்கீத சபாவோட செயலாளர். மயிலாப்பூர்ல குளத்துப் பக்கம் வீடு. அவர் வீட்டு டெலிபோன் லைன்லயே இன்டர்நெட் போட்டு ரெண்டு பேர் பக்கத்தையும் காட்டினோம். என்னுது டக்குனு வந்து நின்னுது. முரளியோடது ஜவ்வு மாதிரி இறங்குது. மாமி காபி குடுத்து, நாங்க குடிச்சு, டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயும் ஆச்சு. திரையில பாடகருக்கு இன்னும் மூக்கு வரல. இன்னிக்கு மாட்டினான்டானு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். "உன்னோடது சட்டுனு வந்துடுத்து, ஏதோ கொஞ்சமாப் பண்ணியிருக்காப்ல இருக்கு. இவனோடது பாரு, இன்னும் வந்துண்டே இருக்கு. எவ்ளோ விஷயம் வெச்சிருக்கான்!"

ஆடித் தள்ளுபடி

புடவைக் கடை வேலையை எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தார் சார். புடவைப் பக்கமெல்லாம் எனக்கு, வெள்ளிச் சாமான் பக்கமெல்லாம் முரளிக்கு. ஆடி பிறந்ததும் கடைக்காரர் போன் பண்ணி, கத்திரிப்பூ கலர் வேண்டாம், எல்லாப் பக்கமும் சிவப்பா மாறணும்னுட்டார்.

நான் அப்பதான் புதுசா வந்த ஒரு முறையைக் கத்து வெச்சிருந்தேன். கலர், எழுத்தோட அளவு எல்லாத்தையும் தனியா ஒரே ஃபைல்ல எழுதிட்டா, மத்த பக்கமெல்லாம் அதைப் பார்த்து நடந்துக்கும். ஒரு வரியை மாத்தினேன், மொத்தமும் சிவந்துடுச்சு. டீக்கடைக்குப் போயிட்டேன். முரளி ஒவ்வொரு பக்கமாத் திறந்து, சட்டை நனைய, சாயங்காலம் வரைக்கும் மாரடிச்சான். பார்க்கப் பார்க்க எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துது. சார் வந்ததும் வித்தியாசம் தெரிஞ்சுடும்னு காத்திருந்தேன். தெரிஞ்சுது.

"ஒருத்தன் காலையிலேர்ந்து தலை நிமிராம உழைக்கிறான். நீ என்னடான்னா டீக்கடையே கதின்னு நிக்கறே."

டீம் லீடர்

அன்னிக்கே முரளி என்கிட்ட வந்து, "எப்படி மச்சி இவ்வளவு சீக்கிரம் முடிச்சே?"னு கேட்டான். அவனே கேட்டுட்டான்கிற பெருமையில அந்த ஒரே ஃபைல் விஷயத்தை அக்குவேறா ஆணிவேறாச் சொல்லிக் குடுத்தேன். அடுத்த வாரம் சார் எல்லாரையும் கூப்பிட்டு, முரளிதான் டீம் லீடர்னார். இனி வரப்போற புது ஆளுங்க உட்பட எல்லாரும் நோட்பேடுலதான் எழுதணும், கலருக்குத் தனி ஃபைல் வைக்கணும், முரளி அருமையா ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கான்னும் சொன்னார்.

முரளி வெளியில வந்து என் தோள்ல கை போட்டான். அவன் மூஞ்சியில துளி கள்ளம் இல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. "உன் முறைதான் மச்சி பெஸ்ட்டுனு சார்கிட்டச் சொன்னேன். அவர் என்னுதுன்னு நினைச்சுக்கிட்டார், பெரியவர் பேச்சை எதுக்கு மறுக்கணும்னு விட்டுட்டேன்."

என் முறை ஜெயிச்சுது, முரளி டீம் லீடர் ஆனான். இதுல நான் எந்தப் பக்கம் நின்னு கை தட்டணும்னு உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.