சத்தம் குறைக்கும் பொத்தான்

எங்கள் வீட்டு ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தான் தேய்ந்துபோயிருக்கிறது. மற்றவற்றில் எழுத்தும் இலக்கமும் புதிதாகவே இருக்க, சத்தத்தைக் குறைக்கும் பொத்தானில் மட்டும் குறி அழிந்து நடுவில் ஒரு சிறிய பள்ளம் விழுந்திருக்கிறது. பின்மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. பற்றரி விழாமலிருக்க ஒட்டிய நாடாவை நானே இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். என் கணவர் புதிய ரிமோட் ஒன்று வாங்கிவந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அது பெட்டியோடு அலுமாரிக்குள் கிடக்கிறது. அந்தப் பள்ளம் என் மாமாவின் பெருவிரல் போட்டது. மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். அவர் கோல்ஃப் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பொத்தான் அது.

மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் தண்டலாக இருந்தவர். ஒரு தெருவளவு நீளமான கப்பல் தானாக வந்து ஜெட்டியில், அதுதான் கப்பல் கட்டும் மேடையில், ஒட்டிக்கொள்ள முடியாது. இழுவைப் படகுதான் அதன் விலாவில் மூக்கை வைத்து மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் படகின் சுக்கானைப் பிடிப்பவர் தண்டல். மாமி காலமாகியிருந்தார். என் கணவருக்குப் புல்மோட்டையில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வந்தால் அதிசயம். ஆகவே துறைமுகத்திலிருந்து தள்ளியிருக்கும் பாலையூற்று வீட்டில் மாமாவும் நானும்தான். நான் பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமா ஒரு நாளில் பேசுவதை ஒரு தபாலட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் விலாசமும் போடலாம்.

அவர் கோல்ஃபில் போய் விழுந்தது தற்செயலாகத்தான். கூரையில் புதிதாக டிஷ் பூட்டிய வாரம், செய்தியைத் தேடிப் பொத்தானை அமுக்கிக்கொண்டு போனவர் ஒரு பச்சைப் புல்வெளியில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரங்கள் எனக்குச் சொந்தமில்லை. நான் படம் பார்க்கிற நேரத்தில் ஒரு வெள்ளைக்காரன் குந்தியிருந்து புல்லைப் பார்ப்பான், எழும்புவான், மற்றப் பக்கம் போய் மறுபடியும் குந்துவான். “மாமா, இது புல்லு வளருற நிகழ்ச்சியோ?” என்று கேட்டேன். மாமா சிரித்தாரே தவிர ரிமோட்டைத் தரவில்லை. ஏற்கெனவே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்த வர்ணனையாளரின் சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி குறைத்தார். 

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு சுளகையும் பயற்றையும் எடுத்துக்கொண்டு கல் பொறுக்கும் சாட்டில் முன்கதிரையில் இருந்தேன். அப்படியிருந்துதான் நானும் அதைப் பார்க்கப் பழகினேன். அந்தப் போட்டி ஏதோ ஒரு கடற்கரையில் நடந்தது. கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. மேட்டில், பள்ளத்தில், வேலியோரத்தில் என்று ஆயிரக்கணக்கான சனம். ஒருவன் பந்துக்கு முன்னால் போய் நின்றதும் அந்தச் சனம் முழுவதும் அடங்கிப்போனது. தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தகப்பன்கூட அசையவில்லை. யுத்த காலத்தில் எங்கள் ஊரிலும் சனம் சோதனைச் சாவடிகளில் வரிசையாக வாயை மூடிக்கொண்டு நின்றதுண்டு. அது பயத்தில் நின்றது. பயமில்லாமல், யாரும் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவனுக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் அன்றுதான் கண்டேன். சுளகில் என் கை நின்றுவிட்டது. கடற்காற்றின் இரைச்சல் மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் கேட்டது.

பந்து உருளத் தொடங்கியதும் மாமா கதிரையில் முன்னால் சரிவார். அது நேரே போகாது. பார்வைக்குத் தட்டையாக இருக்கும் புல்லில் எங்கேயோ ஒரு சரிவை உணர்ந்து மெல்ல வளையும். குழிக்குப் பக்கத்தில் வந்து, போதும் என்பதுபோல வேகம் குறையும். விழுமா நிற்குமா என்று அடித்தவனுக்கே தெரியாது. ஒருநாள் மாமா தானாகவே சொன்னார்: “எஞ்சினை நிப்பாட்டின பிறகும் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கும் பிள்ளை. அந்தக் கடைசிப் பத்தடிக்கு ஆராலும் ஒண்டும் செய்ய ஏலாது. பாத்துக்கொண்டு நிக்கத்தான் ஏலும்.” முப்பது வருடம் செய்த வேலையைப்பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நான் படம் கேட்கவில்லை.

அவருடைய படகு துறைமுகத்திலேயே மிகப் பழையது. மேலே சுக்கான் அறையில் தண்டல் மணியடித்தால்தான் கீழே இயந்திர அறையில் இருப்பவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கீழே இருப்பவருக்கு வெளியே என்ன நடக்கிறதென்று எதுவும் தெரியாது; மணி ஒன்றுதான் கண்ணும் காதும். அப்படி இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர். மாமாவைவிட இருபது வயது இளையவர், ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலப் படகில் எல்லோருக்கும் அவர் நானா. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தற்காலிக வேலையில் ஒன்பது வருடம் இருந்து, நிரந்தர நியமனத்துக்குப் பெயர் போயிருந்த நேரம் அது.

சுக்கான் அறையின் பின்சுவரில் எங்கள் ஊர்ச் சிவனான கோணேசரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கப்பலின் முதற்கயிறு ஜெட்டிக் கட்டையில் விழுந்ததும் தண்டல் திரும்பி அந்தப் படத்தைக் கும்பிட வேண்டும். மாமாவுக்கு முன்பிருந்தவரும் செய்தார், அவருக்கு முன்பிருந்தவரும் செய்தார். ஒரு நாள் காலை கோதுமைக் கப்பலொன்றைச் சேர்க்கும்போது முதற்கயிற்றை எறிந்தார்கள். மாமா திரும்பிக் கும்பிட்டார். கயிறு கட்டையில் விழாமல் தண்ணீருக்குள் போனதை அவர் காணவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லி மணியடித்தபோது மூன்று நான்கு விநாடி பிந்திவிட்டது. கப்பல் ஜெட்டியில் மோதி மரத்தூண்கள் முறிந்தன. ஆளுக்குச் சேதமில்லை, ஆனால் விசாரணை வந்தது.

விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் நினைத்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் போடாத தண்டல் பிந்தி மணியடிப்பாரா? கீழே இருந்தவன்தான் தூங்கியிருப்பான். “மணி கேட்ட உடனே குறைச்சிட்டேன்” என்று நானா சொன்னாராம். மணி எப்போது கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மாமா சாட்சி சொல்லும் முறையை அடுத்த திங்கட்கிழமை என்று வைத்தார்கள். அந்த வாரம் மாமா தபாலட்டை அளவுகூடப் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போவார்.

ஞாயிறு பின்னேரம் வழக்கம்போல ரீவிக்கு முன்னால் இருந்தோம். ஒரு பெரிய போட்டியின் கடைசி நாள். முன்னணியில் நின்ற இளைஞனின் பந்து உயரப் புல்லுக்குள் கிடந்தது. அவன் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான், வைத்தபடியே நின்றான். பிறகு ஒதுங்கிக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். என்ன நடந்ததென்று எங்களுக்கும் விளங்கவில்லை, வர்ணனையாளருக்கும் விளங்கவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள், புல்தான் தெரிந்தது. தன் மட்டை பட்டுப் பந்து ஒரு மயிரிழை அசைந்துவிட்டது என்று அவனே சொல்லியிருக்கிறான். தண்டனையாக அவன் கணக்கில் ஓர் அடி கூட்டினார்கள்; குறைந்த அடியில் முடிப்பவன் வெல்கிற ஆட்டம் அது. அவன் தலையாட்டிவிட்டு விளையாடினான். அந்த ஓர் அடியால்தான் தோற்றான்.

“ஆரும் கண்டவையோ பிள்ளை?” என்று மாமா கேட்டார்.

“இல்லை மாமா. கமராவிலயும் தெரியேல்லையாம்.”

மாமா சத்தத்தை முழுதாகக் குறைத்தார். திரையில் அந்தப் பொடியன் தொப்பியைக் கழற்றி, வென்றவனின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். மாமா அதைப் பார்த்தபடியே, தான் படத்தைக் கும்பிடத் திரும்பியதையும் மணி பிந்தியதையும் எனக்குச் சொன்னார். சுக்கான் அறையில் அப்போது அவர் தனியாகத்தான் இருந்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். “இன்னும் எட்டு மாசம்தானே மாமா. பென்ஷனோட மரியாதையா வாற நேரம். வாயைத் திறக்காதேங்கோ. அந்த ஆள் வேற வேலை தேடிக்கொள்ளும்.” ஒரு மூச்சில் சொன்னேன், நல்லது சொல்வதாகவே நினைத்துச் சொன்னேன். மாமா ரீவியை நிறுத்திவிட்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் காலை வெள்ளைச் சேர்ட்டை அவரே ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

பிந்தியது தன் மணிதான் என்று விசாரணையில் சொன்னார். அதோடு அவரைச் சுக்கானிலிருந்து இறக்கிவிட்டார்கள். மீதி எட்டு மாதமும் கயிறும் சங்கிலியும் அடுக்கியிருந்த களஞ்சியத்தில் கதிரை போட்டு இருந்தார். படகை ஒப்படைத்த அன்று ஒரு காரியம் செய்தாராம்: கோணேசர் படத்தைப் பின்சுவரிலிருந்து கழற்றி, சுக்கானுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே அடித்துவிட்டு வந்தாராம். இனிக் கும்பிடுகிறவர் திரும்ப வேண்டியதில்லை. நானாவுக்கு நியமனம் கிடைத்தது. அவர் ஒரு தயிர்ச்சட்டியோடு வீட்டுக்கு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் கோல்ஃப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். “இவ்வளவு சனம் நிண்டும் ஒரு சத்தமில்லை, பாத்தீரோ” என்று மாமா காட்டுவார். “ஓம் தண்டல்” என்பார் நானா.

தண்டல் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் துறைமுகத்திலுள்ள இழுவைப் படகுகளெல்லாம் மூன்று தடவை நீளமாக ஊதும். பாலையூற்றுக்கே கேட்கும். களஞ்சியத்திலிருந்து போகிறவருக்கு அது கிடையாது. மாமாவின் கடைசி நாளில் அவரைக் கூட்டிவர அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஜெட்டியால் நடந்து வந்தார். ஊதவில்லை என்று நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். அப்போது பழைய படகின் இயந்திரம் நின்றது. பக்கத்துப் படகும் நின்றது. எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் அந்த இடத்தில் தண்ணீர் கட்டையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால், படகுகளின் விளிம்பில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். நானா இயந்திர அறையிலிருந்து மேலே வந்து எண்ணெய்க் கையோடு நிற்கிறார். ஒருவரும் கையசைக்கவில்லை, ஒருவரும் பேசவில்லை. மாமா ஜெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள். அதற்கு நிகரான மரியாதையை நான் இதுவரை கண்டதில்லை.

மாமா காலமாகி மூன்று வருடமாகிறது. நானா இப்போது அதே படகின் தண்டல். சுக்கானுக்கு முன்னால் அந்தப் படம் இன்னும் இருக்கிறது; தொழுகிற மனிதர், ஆனாலும் படத்தைக் கழற்ற ஒருவரையும் விடுவதில்லை. ஞாயிறுகளில் இடைக்கிடை தயிர்ச்சட்டியோடு வருகிறார். போன ஞாயிறும் வந்தார். போட்டி கடைசிக் குழியில் நின்றது. “உங்கட வீட்டாக்கள் எல்லாம் அப்பிடித்தான் தங்கச்சி. பொய் இல்லாத வீடு” என்றார்.

என் பெருவிரல் பொத்தானின் பள்ளத்தில் இருந்தது. சத்தத்தைக் குறைத்தேன். “நானா, அண்டைக்கு மாமாவை வாய் திறக்க வேண்டாமெண்டு சொன்னது நான்” என்றேன். நானா வேறு வேலை தேடிக்கொள்வார் என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் அத்தனை ஆயிரம் பேரும் அசையாமல் நிற்க, வெள்ளைப் பந்து புறப்பட்டு எங்கேயோ ஒரு சரிவைப் பிடித்து வளைந்துகொண்டிருந்தது.

“பந்து உருளுது தங்கச்சி” என்றார் நானா. “பாருங்க.”