எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்பவைப்பது என் வேலையில்லை. நடந்தது எனக்கும் என் மாமியாருக்கும்.

ஏரிக்கரைப் பழைய ஊரைப் பயணிகளுக்கு நடந்தே சுற்றிக் காட்டுவது என் தொழில். பதினோரு வருடமாக ஒரே பாதை. மணிக்கூண்டில் கிளம்பி, வளைவுச் சந்து வழியாகப் படித்துறைக்கு இறங்கி, மறுபடி மணிக்கூண்டு. கூட்டம் சிதறாமலிருக்க மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பேன். நிற்கும் இடமெல்லாம் தலை எண்ணுவேன். முகம் பார்ப்பதில்லை.

அன்று ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் என் மாமியார். "அப்படி என்னத்தக் கிழிக்கறன்னு பாக்கறேன்" என்று பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். வழி நெடுகக் குத்தல் பேச்சு.

"இந்தச் சந்துல ஏழு வளைவு இருக்கு..." என்றேன்.

"எட்டு. எண்ணத் தெரியாதவளுக்கு வாய் மட்டும் நீளம்."

கூட்டமே சிரித்தது. எனக்குக் காது வரை எரிந்தது.

மாலை 5.40. ஏரியிலிருந்து மூடுபனி ஏறியது. 5.52க்குப் படித்துறை. எண்ணினேன். ஒன்பது. விறுவிறுவென்று மேலே நடந்தேன். 6.05க்கு மணிக்கூண்டு. எண்ணினேன். ஒன்பது.

கொடுத்திருந்த கழுத்து அட்டைகளைத் திரும்ப வாங்கினேன். எட்டுதான் வந்தது.

கடைசியில் பழுப்புச் சால்வை. முகம் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தது.

"அத்தை, அட்டையக் குடுங்க."

பதில் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பதின்மூன்று நிமிடமாக என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததே கிடையாது.

சால்வை நுனியிலிருந்து... சொட்... சொட்...

மழையே பெய்யவில்லை.

திரும்பி ஓடினேன். பயமா? இருந்தது. அதைவிடக் கோபம். என்னைத் திட்ட உரிமையுள்ள மனுஷியை எவனோ கொண்டுபோவதா?

6.11. படித்துறை.

மாமியார் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், பனிக்குள்... ஒரு மஞ்சள் குடை.

என் குடை என் கையில் இருந்தது.

"அத்தை!"

அவர் திரும்பவில்லை. குடை நகர்ந்தது.

குதித்தேன். சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தப் பக்கமிருந்தும் எதுவோ இழுத்தது.

"விடு! இவங்க என் கூட்டத்து ஆளு. கூட்டிட்டு வந்தவ நான், கூட்டிட்டுப் போறவளும் நான்தான். உன்னால ஆனதப் பாத்துக்கோ!"

இழுப்பு நின்றது.

குடை இல்லை.

கரையில் மாமியார் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். "ஏண்டி, நீதானே குடையப் புடிச்சிட்டு முன்னாடி போன? இப்ப பின்னாடி நின்னு கத்தற?"

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமே படவில்லை.

மணிக்கூண்டில் எட்டுப் பேர் நின்றார்கள். ஈரக் கால்தடம் ஒன்று ஏரியை நோக்கிப் போயிருந்தது.

மறுநாள் மணிக்கூண்டுக் காவலாளியிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லியிருக்கார்மா. இதே மாதிரி பனி. ஒருத்தர் அப்பாவோட சுத்திப் பாக்க வந்தாரு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு. அப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. மூணாம் நாள் ஏரியில ஒரு உடம்பு மிதந்துச்சு. அந்த அப்பாதான்."

"அப்ப மூணு நாளா வீட்ல இருந்தது யாருண்ணே?"

"யாருக்குத் தெரியும்? வாயே திறக்கலயாம்."

அந்தப் பாதையை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். இப்போதெல்லாம் தலை எண்ணாமல், ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் பெயர் சொல்லச் சொல்கிறேன். பனி நாளில் பெயர் சொல்லாமல் ஒருவர் மிஞ்சினால், படித்துறையிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

சந்தில் எண்ணிப் பார்த்தேன். எட்டு வளைவுதான்.

வீட்டில் மாமியார் இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால், நானே அடுப்படிக்குப் போய்ச் சண்டையை ஆரம்பிக்கிறேன். அவர் பதிலுக்குத் திட்டும்வரை அங்கிருந்து நகர்வதில்லை.